டெல்டான்னு நாம எதைச் சொல்றோம்?

எங்க பக்கம் டெல்டாங்கற வார்த்தை காதுல விழாம ஒரு நாள் போகாது. மழை சொல்றவங்க "நாளைக்கு டெல்டாவுல கனமழை"ம்பாங்க, டிவில "டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு"ன்னு கீழ ஓடும், உரக்கடை, ரைஸ்மில்லு, லாரி சர்வீஸ், கல்யாண மண்டபம்னு எதுக்கு வேணும்னாலும் டெல்டான்னு பேரு வைக்கலாம், சென்னையில வேலை பாக்குற நம்ம பசங்ககிட்ட எந்த ஊருன்னு கேட்டா தஞ்சாவூரா திருவாரூரான்னுகூட சொல்லாம "டெல்டா பக்கம்"னு முடிச்சுக்குறாங்க. இங்கிலீஷ் வழியா வந்த வார்த்தைன்னே யாருக்கும் தோணாத அளவுக்கு அது நம்ம வார்த்தை ஆயிடுச்சு. ஆனா கொஞ்சம் உக்காந்து யோசிச்சுப் பாத்தா இந்த ஒரு வார்த்தைக்குள்ள ஒரு எழுத்து இருக்கு, ஒரு வடிவம் இருக்கு, மண்ணு இருக்கு, பாசனக் கணக்கு இருக்கு, ஒரு சட்டம் இருக்கு, மோட்டார் கனெக்‌ஷன் இருக்கு, ஒரு வைரஸ்கூட இருக்கு. இதுல முக்கியமான சில அர்த்தங்கள் ஒண்ணு மேல ஒண்ணு சரியா பொருந்தறதில்ல, பொருந்தாத இடத்துலதான் நம்ம பிரச்சனை பலதும் கிடக்கு, அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல இந்த வார்த்தை இங்க எப்டி இவ்ளோ பரவலாச்சுங்கறது. எங்க வீட்டுப் பெரியவங்க வாயில டெல்டா வராது, அவங்களுக்கு "தஞ்சாவூர் ஜில்லா"தான், கிழக்கால இருக்கறது "கீழத்தஞ்சை". பாசன இன்ஜினியருங்க மட்டும் வெள்ளைக்காரன் காலத்துலேருந்தே ரெக்கார்டுல தஞ்சாவூர் டெல்டான்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஜில்லா உடைய ஆரம்பிச்சுது, 1991ல நாகப்பட்டினம் தனியா போச்சு, 1997ல திருவாரூர், 2020 கடைசியில மயிலாடுதுறை. ஒரே ஆத்துத் தண்ணிய குடிச்சு ஒரே மாதிரி நடவு நட்டு ஒரே மாதிரி பேசிக்கிட்டு இருந்த சனங்க நாலு கலெக்டர் ஆபீசுக்குக் கீழ பிரிஞ்சப்ப, எல்லாரையும் சேத்து சொல்ல ஒரு பேரு தேவைப்பட்டுது. சோழநாடுன்னு சொன்னா ராஜா காலத்துக் கதை மாதிரி இருக்கு, தஞ்சைன்னு சொன்னா நாகை காரங்களுக்கு இடிக்குது. டெல்டா யாருக்கும் சொந்தமில்லாத வார்த்தை, அதனால எல்லாருக்கும் சொந்தமாச்சுன்னு நான் நினைக்கிறேன். இப்ப அரசியல்லயும் அதான் அடையாளம், 2023 ஏப்ரல்ல நிலக்கரி சுரங்க ஏல விவகாரம் வந்தப்ப முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையிலயே நானும் டெல்டாக்காரன்தான்னு சொன்னாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கல.

சரி, வார்த்தையோட பூர்வீகத்துக்கு வருவோம். டெல்டாங்கறது கிரேக்க நெடுங்கணக்குல நாலாவது எழுத்து, பெரிய எழுத்தா எழுதினா ஒரு முக்கோணம், Δ. கிரேக்கர்கள் இதை பினீசியர்கள்கிட்டேருந்து வாங்குனாங்க, அங்க அதுக்குப் பேரு தாலெத், அதுக்கு அர்த்தம் கதவு. அதே எழுத்து ரோம் பக்கம் போயி இங்கிலீஷ் டி ஆச்சு. நம்ம ஊர்ல ஆறு, வாய்க்காலை எல்லாம் ஏ, பி, சி, டின்னு பிரிச்சு வச்சிருக்காங்கல்ல, தூர்வார்ற சீசன்ல "சி, டி வாய்க்காலை யாரும் பாக்கவே மாட்டேங்குறாங்க"ன்னு விவசாயிங்க சத்தம் போடுவாங்களே, அந்த நாலாம் நம்பர் டி-யும் இந்த டெல்டா எழுத்தும் ஒரே வம்சம்.

எழுத்து எப்டி நிலத்துக்குப் பேராச்சுன்னா, எகிப்துல நைல் நதி கெய்ரோ பக்கத்துல கிளை பிரிஞ்சு விரிஞ்சு மத்தியதரைக் கடல்ல போயி விழுது. கிரேக்கர்கள் கண்ணுக்கு அந்த நிலம் அவங்க எழுத்து மாதிரியே முக்கோணமா பட்டுது, கி.மு. 5ஆம் நூற்றாண்டுல ஹெரோடோட்டஸ்ங்கற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதும்போதே டெல்டாங்கறது அந்த இடத்துக்குப் பேரா பழகியிருந்துது. அவரு இன்னொண்ணும் சொன்னாரு, இந்த எகிப்து நிலமே ஆறு கொடுத்த கொடைன்னு. அதாவது ஆரம்பத்துலயே அந்த வார்த்தையோட ரெண்டு விஷயம் ஒட்டிக்கிட்டு இருந்துது, ஒண்ணு வடிவம், இன்னொண்ணு ஆறு கொண்டாந்து போட்ட மண்ணு. அப்புறம் அலெக்சாண்டர் படை கி.மு. 325ல சிந்து நதி முகத்துக்கு வந்துச்சு, அந்தக் கதையை ரொம்ப பின்னால எழுதின அர்ரியன்ங்கற கிரேக்க ஆசிரியர் இங்கயும் எகிப்து மாதிரியே ஒரு டெல்டா இருக்கு, இந்தியர்கள் அதை பட்டலான்னு சொல்றாங்கன்னு குறிச்சு வச்சிருக்காரு. ஒரு இடத்துப் பேரா இருந்தது ஒரு வகை நிலத்துக்கே பொதுப் பேரா மாறுனதுல நம்ம துணைக்கண்டத்துக்கும் பங்கு இருக்கு.

நம்ம காவிரி இந்த எழுத்துக்கு ரொம்ப அழகா பொருந்துது. முனை முக்கொம்பு, அங்கதான் காவிரியும் கொள்ளிடமும் பிரியுது. வடக்குப் பக்கம் கொள்ளிடம் ஓடி கடல்ல சேர்ற இடம் ஒரு மூலை, தெக்கால கோடியக்கரை இன்னொரு மூலை, நடுவுல காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், திருமலைராஜன் ஆறு, பாமணியாறு, கோரையாறுன்னு எண்ணி முடிக்க முடியாத கிளைங்க. மேப்பை வச்சுப் பாத்தா இந்த முக்கோணம் படுத்துக் கிடக்கும், முனை மேற்க பாத்து இருக்கும். நைல் டெல்டாவோ வடக்கு மேல வச்ச மேப்புல தலைகீழா தொங்குது, முனை கீழ, அகலம் மேல.

இங்க ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது. நம்ம பாஷையில மேற்குன்னா மேல், கிழக்குன்னா கீழ். எந்த கிராமத்துக்குப் போனாலும் மேலத்தெரு கீழத்தெரு இருக்கும், அது உசத்தி தாழ்த்தி கணக்குல வந்த பேரு இல்ல, நிலத்தோட சரிவுல வந்த பேரு (பின்னால சனங்க அதுல உசத்தி தாழ்த்தியையும் ஏத்திட்டாங்க, அது தனி சோகம்). "மேல தண்ணி திறந்துட்டாங்களாம்"னு சொன்னா மேட்டூர்ல, கல்லணையில திறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஆக டெல்டாக்காரன் மனசுக்குள்ள இருக்குற மேப்புல மேல இருக்கறது மேற்கு, வடக்கு இல்ல. அந்த மேப்பை வரைஞ்சீங்கன்னா முக்கொம்பு உச்சியில வரும், கடல் அடியில வரும், கிரேக்க எழுத்து Δ அப்டியே நிமிந்து நிக்கும். கிரேக்கர்கள் நைலுக்கு வச்ச பேரு நைலை விட நம்ம ஆத்துக்கு, நம்ம பாஷையில நின்னு பாக்கும்போது, இன்னும் சரியா இருக்கு.

ஆனா வடிவம் வெறும் வெளித்தோற்றம். உள்ள இருக்கறது மண்ணு. ஆறு மேட்டுலேருந்து வேகமா இறங்கும்போது கல்லு, மணலு, வண்டல்னு எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு வரும், சமதரைக்கு வந்ததும் வேகம் கொறையும், கொறைஞ்சதும் தூக்கிட்டு வந்ததைப் போட ஆரம்பிக்கும், முதல்ல கனமான மணலு, அப்புறம் நைசான வண்டல், கடைசியில களி. அப்டி போட்டுப் போட்டு தன்னோட படுகையையே உசத்திக்கும், ஒரு வெள்ளத்துல கரை உடைஞ்சா பக்கத்துல தாழ்வா இருக்குற வழில போயிடும், கொஞ்ச காலத்துல அதுவும் மேடாகும், இன்னொரு வழி. கிளை பிரியறது இப்டித்தான். ஒரு டெல்டாவுல ஆறு ஒரே இடத்துல நிக்காது, அதுதான் அதோட குணம். இதை நேர்ல பாக்கணும்னா எங்கயாவது ஃபில்டர் பாயிண்ட் போர் போடும்போது பக்கத்துல போயி நில்லுங்க. போர் போடுறவரு கீழேருந்து வர்ற மண்ணை கைப்பிடி கைப்பிடியா எடுத்து தரையில வரிசையா வச்சுக்கிட்டே போவாரு, இத்தனை அடியில இதுன்னு கணக்கு தெரியறதுக்காக. மேல கருப்பா களி, வெரல்ல தேச்சா ஒட்டும், அப்புறம் பழுப்பா வண்டல், அப்புறம் பவுடர் மாதிரி நைஸ் மணலு, மறுபடி களி, அதுக்கும் கீழ சல்லடை போட்ட மாதிரி குருமணலு வந்ததும் அவரு முகம் மாறும், "இதுல ஃபில்டர் வச்சிடலாம்"பாரு. அந்த குருமணலு வேற எதுவும் இல்ல, ஒரு காலத்துல அந்த இடத்துல ஓடுன ஆத்தோட படுகை. இன்னைக்கு ஆறு ரெண்டு மைல் தள்ளி ஓடும், ஆனா நெல்லு நிக்கிற வயலுக்கு அடியில பழைய ஆறு படுத்திருக்கும், மோட்டார்ல இறைக்கறது அதுக்குள்ள தேங்கின தண்ணியத்தான்.

ஆறு வழி மாறுற குணத்தோட நம்ம சனங்க ரெண்டாயிரம் வருஷமா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. ஸ்ரீரங்கம் தாண்டி காவிரியும் கொள்ளிடமும் மறுபடி பக்கத்துல பக்கத்துல வர்ற இடத்துல, காவிரித் தண்ணி கொள்ளிடத்துல போயி விழுந்துடாம தடுக்கத்தான் கல்லணை, கரிகாலன் கட்டுனதுன்னு வழிவழியா சொல்றோம். 1800களோட ஆரம்பத்துல வேற மாதிரி பிரச்சனை வந்துச்சு, கொள்ளிடத்துக்கு சரிவு ஜாஸ்தி, தண்ணியெல்லாம் அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுப் போக, காவிரி வாயில மணல் மேடு தட்டி தஞ்சாவூர் பக்கம் பாசனமே படுத்துச்சு. அப்பத்தான் ஆர்தர் காட்டன்ங்கற வெள்ளைக்கார இன்ஜினியர் 1836ல முக்கொம்புல கொள்ளிடத்துக்குக் குறுக்க மேலணை கட்டுனாரு, அதே வருஷம் அணைக்கரையில கீழணை. யோசிச்சுப் பாத்தா அந்த அணை செஞ்ச வேலை என்னன்னா, இயற்கையா விட்டா வழி மாறிப் போயிருக்க வேண்டிய ஆத்தைப் புடிச்சு நிறுத்துனது. 2018 ஆகஸ்ட்ல அதே மேலணையில ஷட்டருங்க வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போனப்ப ஊரே பதறுச்சே, அந்தப் பதட்டத்துக்குக் காரணம் இதுதான், டெல்டாவோட முனை அங்க இருக்கு, அங்க ஒண்ணு ஆனா கீழ எல்லாருக்கும் ஆகும்.

இப்ப நான் சொன்ன பொருந்தாத இடத்துக்கு வர்றேன். இன்ஜினியருங்க பாஷையில டெல்டான்னா காவிரித் தண்ணி பாயிற ஆயக்கட்டு, அதுலயும் பழைய டெல்டா, புது டெல்டான்னு ரெண்டு. காவிரியும் வெண்ணாறும் காலங்காலமா பாயிற நிலம் பழைய டெல்டா. மேட்டூர் அணையோட சேத்து 1934 வாக்குல வெட்டுன கல்லணைக் கால்வாய், எங்க பக்கம் புதாறுன்னு சொல்வோம், சுமார் 148 கி.மீ. ஓடி தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் போகுதே, அது பாயிறது புது டெல்டா. அங்க போயி மண்ணைத் தொட்டுப் பாருங்க, பெரும்பாலும் செம்மண்ணு, மேட்டு நிலம், காவிரி கொண்டாந்து போட்ட வண்டல் இல்ல. ஹெரோடோட்டஸ் கணக்குல அது டெல்டாவே கிடையாது. ஆனா அந்த விவசாயி மேட்டூர் திறப்பை எதிர்பாத்துத்தான் நாத்து விடுறாரு, தண்ணி வரலன்னா அவருக்கும் அதே கஷ்டம், அவரை நீ டெல்டா இல்லன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. தண்ணி போய்ச் சேந்த இடமெல்லாம் டெல்டான்னு சனங்க எடுத்துக்கிட்டது நியாயம்தான்.

சட்டம் வேற ஒரு கோடு போட்டுது. மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு வருஷக்கணக்கா நடந்த போராட்டங்களுக்கு அப்புறம் 2020 பிப்ரவரில பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் வந்துச்சு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கூட கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோவில் பக்கம் சில வட்டாரம், புதுக்கோட்டையில அறந்தாங்கி பக்கம் சில வட்டாரம், இவ்ளோதான் உள்ள வந்துச்சு. திருச்சி, கரூர், அரியலூர் விட்டுப்போச்சு. என்ன ஆச்சு பாருங்க, டெல்டாவோட உச்சி முனையான முக்கொம்பு திருச்சி மாவட்டம், சட்டப்படி அது அந்த மண்டலத்துல இல்ல. திருவையாத்துல நடவு நடுற அம்மாவுக்கும் திருமானூர்ல நடவு நடுற அம்மாவுக்கும் நடுவுல இருக்கறது கொள்ளிடம் ஆறு ஒண்ணுதான், ஆனா ஒருத்தர் வயலு பாதுகாக்கப்பட்டது, இன்னொருத்தர் வயலு இல்ல, ஏன்னா பாலம் தாண்டினா அரியலூர் மாவட்டம். 2023ல மத்திய அரசோட நிலக்கரி ஏலப் பட்டியல்ல இருந்த மூணு இடத்துல தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரியும் இருந்துது, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் இருந்துது, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கால ஒண்ணு. எதிர்ப்பு வந்து மூணையும் எடுத்துட்டாங்க, சந்தோஷம். ஆனா மைக்கேல்பட்டிக்கு இந்த சட்டம் கை கொடுக்காது. வரைபடத்துல கோடு போடும்போது மண்ணைப் பாக்காம மாவட்ட எல்லையைப் பாத்தா இப்டித்தான் வரும், இதை நான் கொஞ்சம் கோவத்தோடதான் சொல்றேன்.

அடுத்தது பல பேருக்குத் தெரியாத ஒரு டெல்டா. பாசனப் பொறியியல் படிச்சவங்க யாரையாவது கேட்டீங்கன்னா டியூட்டி, டெல்டான்னு ரெண்டு வார்த்தை சொல்வாங்க, சிவில் இன்ஜினியரிங் பாடத்துல கட்டாயம் வரும். அங்க டெல்டாங்கறது நிலமே இல்ல, ஆழம். ஒரு பயிருக்கு நட்டதுலேருந்து அறுப்பு வரைக்கும் பாய்ச்சுற மொத்தத் தண்ணியையும் வடியாம ஆவியாகாம அந்த வயல்லயே நிறுத்தி வச்சா எவ்ளோ உயரத்துக்கு நிக்கும், அந்த உயரம்தான் அந்தப் பயிரோட டெல்டா. நெல்லுக்குப் பாடப்புத்தகத்துல போட்டிருக்கறது 120 செ.மீ., பருத்திக்கு 50, மக்காச்சோளத்துக்கு 25. ஒரு ஆளு மார் அளவுத் தண்ணி நெல்லுக்கு வேணும்னு வச்சுக்கோங்க. ஒரு ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர், அதுல 1.2 மீட்டர் நிறுத்தினா 48 லட்சம் லிட்டருக்கு மேல வருது. ஒரு டிஎம்சின்னா சுமார் 2,831 கோடி லிட்டர், வகுத்துப் பாத்தா ஒரு டிஎம்சி தண்ணி ஏறக்குறைய 5,800 ஏக்கர் நெல்லுக்கு. மேட்டூர் 120 அடி ரொம்பி நின்னா 93.47 டிஎம்சி, அதுல ஒரு சொட்டுகூட வழியில வீணாகாம வந்தாலும் அஞ்சரை லட்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் பாயும். வழியில மணல் குடிக்கறது, வாய்க்கால்ல கசியறது, வெயில்ல ஆவியாகறதுன்னு எல்லாம் கழிக்கணும், மழை பேஞ்சா அந்த அளவு கூட்டிக்கணும். டிவில டிஎம்சி டிஎம்சின்னு பேசும்போது சாதாரண ஆளுக்குப் பிடிபடாத கணக்கு இந்த டெல்டா ஒண்ணு தெரிஞ்சா பிடிபட்டுடும், இதை ஏன் ஸ்கூல்லயே சொல்லித் தர்றதில்லன்னு எனக்கு ஆதங்கம். குறுவையில நெல்லு போடலாமா பருத்தி, உளுந்துக்குப் போயிடலாமான்னு நம்ம ஊர்ல நடக்குற பேச்சு மொத்தமும் இந்த உயரத்தைப் பத்தின பேச்சுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடுங்க, ஒத்தை நாத்து நடுங்க, நேரடி விதைப்பு பண்ணுங்கன்னு அக்ரி ஆபீசருங்க சொல்றதும் அந்த உயரத்தைக் கொறைக்கத்தான். காவிரி டெல்டா பிழைக்கணும்னா நெல்லோட டெல்டா கொறையணும், ரெண்டும் ஒரே எழுத்து.

வயலை விட்டு மோட்டார் கொட்டாய்க்குள்ள போனா அங்கயும் டெல்டா. பெரிய எச்.பி. மோட்டார் வச்சிருக்கற வீட்டுல சின்ன பசங்களுக்குக்கூட ஸ்டார்-டெல்டான்னு தெரியும். மூணு பேஸ் மோட்டார்ல மூணு காயில் இருக்கு, அதோட ஆறு முனையும் வெளில வரும், அதான் போர்ல இறங்குற சப்மெர்சிபிளுக்கு மூணு கோர் கேபிள் ரெண்டு சேத்துக் கட்டி இறக்குறாங்க. மூணு காயிலோட ஒரு முனையை மட்டும் ஒரே புள்ளியில சேத்தா ஸ்டார், ஒண்ணோட வாலு இன்னொண்ணோட தலைன்னு முக்கோணமா கோத்தா டெல்டா. வடிவம்தான் காரணம், கிரேக்க எழுத்து மறுபடி வந்து நிக்குது. மோட்டாரை எடுத்த எடுப்புல டெல்டாவுல போட்டா ஓடும்போது இழுக்குறதை விட அஞ்சு ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், எங்க லைன்ல ஏற்கனவே லோ வோல்டேஜ், பக்கத்து வீட்டு லைட்டு மங்கும், பீஸ் போவும். அதனால முதல்ல ஸ்டார், அப்ப ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதிலா 240தான் கிடைக்கும், லைன்ல இழுக்குற கரண்ட் மூணுல ஒரு பங்கு ஆயிடும். பட்டன் அமுக்குனதும் பெட்டிக்குள்ள "டக்"குன்னு ஒரு சத்தம், மோட்டார் மொனகிக்கிட்டே வேகம் எடுக்கும், சில செகண்டுல "டடக்"குன்னு மாறும், அடுத்த நிமிஷம் குழாயில தண்ணி கொட்டும். அந்த ரெண்டாவது சத்தம் கேக்கலன்னா எங்க அப்பா திண்ணையில உக்காந்திருந்தாலும் எழுந்து ஓடுவாரு, டெல்டாவுக்கு மாறாம ஸ்டார்லயே சுமையை இழுத்துக்கிட்டு இருந்தா காயில் சூடாகி எரிஞ்சிடும், ரீவைண்டிங் செலவு சாமானியம் இல்ல. வெளில நிக்கிற டிரான்ஸ்ஃபார்மரும் அப்டித்தான், 11,000 வோல்ட் வர்ற மேல்பக்கம் டெல்டா, அதுக்கு மூணு கம்பி போதும், நம்ம பக்கம் ஸ்டார், அதான் நியூட்ரல் சேத்து நாலு கம்பி.

மத்த அர்த்தங்களை வேகமா சொல்லிடறேன். கணக்குல டெல்டான்னா மாற்றம், எவ்ளோ கூடுச்சு கொறைஞ்சுதுன்னு காட்ட Δ போடுவாங்க. ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் பண்றவங்களும் அந்த அர்த்தத்துலேருந்துதான் எடுத்துக்கிட்டாங்க. ஆழ்ந்த தூக்கத்துல மூளையில ஓடுற மெதுவான அலைக்கு டெல்டா அலைன்னு பேரு. வயர்லெஸ்ல பேசும்போது டி-க்கு உலகம் முழுக்க டெல்டான்னு சொல்வாங்க, நாம டெல்லிம்போம். தேஜஸ் விமானத்தோட றெக்கை முக்கோணமா இருக்கே அது டெல்டா விங்.

கொரோனா டெல்டாவை மட்டும் அவ்ளோ சுலபமா தாண்டிப் போக முடியல. 2021 மே 31ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் உருமாறுன வைரசுக்கெல்லாம் கிரேக்க எழுத்துல பேரு வைக்க முடிவு பண்ணுச்சு, இங்கிலாந்து வைரஸ், தென்னாப்பிரிக்கா வைரஸ்னு நாட்டுப் பேரைச் சொல்லி அந்த சனங்களைக் குத்தம் சொல்லக்கூடாதுங்கறதுக்காக. பிரிட்டன்ல முதல்ல கண்டது ஆல்ஃபா, அப்புறம் பீட்டா, காமா, வரிசையில நாலாவதா இந்தியாவுல முதல்ல கண்டது டெல்டா. ஒரு நாட்டு மேல பழி வரக்கூடாதுன்னு வச்ச பேரு எங்க ஊர் பேரா இருந்துது. அந்த ஜூன்ல ஒரு பக்கம் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து டெல்டாவுக்குத் தண்ணி வர்ற நியூஸ், இன்னொரு பக்கம் டெல்டாவால செத்தவங்க நியூஸ். வீட்டுக்கு வீடு துக்கம் இருந்த நேரம், வயசானவங்க சில பேரு நம்ம பக்கத்துலேருந்துதான் அந்த நோவு கிளம்புச்சு போலன்னு பயந்ததும் உண்டு. வைரசுக்கும் நம்ம நிலத்துக்கும் எழுத்து ஒண்ணுங்கறதைத் தவிர வேற சம்பந்தம் கிடையாது.

அமெரிக்காவுல டெல்டா ஏர்லைன்ஸ்னு ஒரு பெரிய கம்பெனி இருக்கு, அதோட பூர்வீகம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சுவாரசியமா இருக்கும். 1920களோட நடுவுல பருத்திக் காட்டுக்கு ஏரோபிளேன்ல பூச்சி மருந்து தூவுற கம்பெனியா ஆரம்பிச்சுது, காய் துளைக்குற ஒரு கூன் வண்டு அங்க பருத்தியையே அழிச்சுக்கிட்டு இருந்த காலம், 1928ல மிசிசிப்பி டெல்டாவோட பேரை வச்சுக்கிட்டாங்க. ஆனா அங்கயும் நம்ம கதைதான், மிசிசிப்பி டெல்டான்னு சனங்க சொல்றது ஆறு கடல்ல சேர்ற இடம் இல்ல, அதுக்கு ரொம்ப வடக்கால மிசிசிப்பி, யாசூன்னு ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருக்குற வண்டல் சமவெளி. கருப்பின சனங்க பருத்தி எடுத்து எடுத்து கை தேஞ்ச பூமி, புளூஸ் பாட்டு வளந்த பூமி. நெசமான ஆத்து முகத்து டெல்டா லூசியானாவுல இருக்கு. மண்ணு, உழைப்பு, பாட்டு எல்லாம் சேந்து ஒரு நிலத்துக்கு டெல்டாங்கற பேரை வாங்கிக் கொடுத்துச்சு, கீழத்தஞ்சைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

அந்த லூசியானா டெல்டாதான் இப்ப கடலுக்குள்ள போய்க்கிட்டு இருக்கு. 1932லேருந்து 2016க்குள்ள சுமார் 4,800 சதுர கி.மீ. நிலம் தண்ணியாயிடுச்சு. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கரை கட்டி, மேல அணைங்க கட்டி வண்டலைத் தடுத்தது, கால்வாய் வெட்டுனது, நிலமே கீழ அமுங்கறதுன்னு காரணம் பல. நைல்லயும் அஸ்வான் பெரிய அணை 1970ல முடிஞ்சதுக்கு அப்புறம் வண்டல் வரத்து நின்னு ரொசெட்டா, டமியெட்டா முனைங்களை கடல் தின்னுக்கிட்டு இருக்கு. டெல்டாங்கறது கட்டி முடிச்ச நிலம் இல்ல. புதுசா மண்ணு வந்துக்கிட்டே இருந்தாத்தான் அது டெல்டா, வரத்து நின்னா கடலும் அமுங்கலும் சேந்து அதைத் திருப்பி எடுத்துக்கும்.

நம்ம காவிரிக்கும் அதே விதிதான். கர்நாடகத்துல வரிசையா அணைங்க, இங்க 1934லேருந்து மேட்டூர், ஆத்துல வர்ற வண்டல் பெரும்பகுதி அந்தந்த அணை அடியில போயி படிஞ்சிடுது. ஆடிப்பெருக்குக்கு செக்கச்செவேல்னு நுரையும் குப்பையுமா வந்த புதுத்தண்ணிய பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, அந்த செவப்புதான் வண்டல், அதுதான் எரு போடாமயே நெல்லு வெளைஞ்சதுக்கும் காரணம். இருக்குற மணலையும் காவிரிலயும் கொள்ளிடத்துலயும் லாரி லாரியா அள்ளியாச்சு, படுகை இறங்கினதும் வாய்க்கால் தலைப்பு மேல நிக்குது, தண்ணி ஏறமாட்டேங்குது, கடைசிப் பக்கம் உப்புத்தண்ணி ஆத்துக்குள்ளயே ஏறி வருது. நாகை, வேதாரண்யம் பக்கம் குடிக்குற தண்ணி கரிக்கறதைக் கடைமடைக்காரங்க பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க. தரங்கம்பாடியில 1300களோட ஆரம்பத்துல கட்டுன மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பகுதிய கடல் எடுத்துக்கிச்சு, இப்ப கல்லு கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாத்தி வச்சிருக்காங்க.

தினம் காலையில பேப்பரைத் திறந்தா மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்புன்னு நாலு நம்பர் இருக்கும், டீக்கடையில முதல்ல படிக்கறது அதைத்தான், ஆணையம், கோர்ட்டு, ரெண்டு மாநில சண்டை எல்லாமே தண்ணியோட கணக்கு. வண்டலுக்கு அப்டி ஒரு நம்பர் நம்ம கண்ணுல படுறதே இல்ல. மத்திய நீர்வள ஆணையம் ஆறுங்கள்ல வண்டல் அளவும் எடுக்குறாங்க, அளக்கவே ஆளில்லன்னு இல்ல. இந்த வருஷம் மேட்டூருக்குள்ள எவ்ளோ வண்டல் வந்துச்சு, கல்லணையைத் தாண்டி எவ்ளோ போச்சு, கொள்ளிடத்துலேருந்து எவ்ளோ மணல் வெளில போச்சு, இந்த மூணையும் வருஷா வருஷம் ஜூன் 12 திறப்பு அன்னைக்கு தண்ணிக் கணக்கோட சேத்து வெளியிடணும், கடைமடை ஊராட்சி வரைக்கும் அதை ஒட்டணும். விவசாய சங்கங்க இதை ஒரு கோரிக்கையா கையில எடுக்கணும்னு ஆசைப்படுறேன், குறைதீர்ப்புக் கூட்டத்துல மனு கொடுக்கறதுலேருந்து ஆரம்பிக்கலாம்.